காஞ்சு வெடிச்ச ஓடையில முதல் வெள்ளத்தோட மீன் எங்கிருந்து வருது?

வெயிலோன்:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி, இங்க மீன் பத்தி தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு கேக்குறேன். வருஷத்துல பாதி நாள் தண்ணியே இல்லாம மணலும் கல்லுமா கிடக்குற ஓடை, மழை இறங்கி தண்ணி ஓட ஆரம்பிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல பாத்தா விரல் நீளத்துக்கு மீன் ஓடுது. யாரும் கொண்டுவந்து விடல. கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முட்டை மண்ணுக்குள்ள காஞ்சு கிடந்து பொரியுதுன்னு ஒருத்தர், சேத்துக்குள்ள புதைஞ்சு தூங்குதுன்னு ஒருத்தர், மழையோட மேல இருந்து விழுதுன்னு இன்னொருத்தர். எது சரி?

கெண்டைக்குஞ்சு:
முட்டைதான் ப்ரோ. மண்ணுல இருக்கும், தண்ணி பட்டா பொரியும். சிம்பிள்.

மடுவாசி:
அவ்வளவு சிம்பிள் இல்லீங்க. வெயிலோன், முதல்ல ஒண்ணு கேக்குறேன், ஓடை பூரா காஞ்சதை பாத்தீங்களா, இல்ல நீங்க பாக்குற இடம் காஞ்சு கிடந்துச்சா? ரெண்டும் வேற. ஓடைன்னா பல மைல் போகும், நடுவுல பாறை குறுக்க வர்ற இடம், வளைவுல வெள்ளம் அடிச்சு குழிச்ச இடம், மரம் சாஞ்சு வேர் பிடிச்சு நிக்கிற இடம், இங்கெல்லாம் மடு இருக்கும். மேல ஓட்டம் நின்னாலும் மணலுக்கு அடியில தண்ணி மெதுவா நகர்ந்துகிட்டே இருக்கும், பாறை தடுக்குற இடத்துல அது மேல வந்து மடுவுல தேங்கும். ஓடை மீன்ல பெரும்பாலானது கோடையை கழிக்கிறது அங்கதான். முட்டையும் இல்ல, தூக்கமும் இல்ல, சும்மா தண்ணி இருக்குற இடத்துக்கு ஒதுங்கிடுது, ஓட்டம் வந்ததும் திரும்ப பரவுது. கேக்க சப்புனு இருக்கும், ஆனா பதில் பெரும்பாலும் இதுதான்.

இது ஏதோ வறண்ட நாட்டு விஷயம்னு நினைக்க வேணாம், 2021ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணுல உலகத்து ஆறு ஓடையோட மொத்த நீளத்துல 51ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் வருஷத்துல ஒரு நாளாச்சும் ஓட்டம் நின்னுடுதுன்னு கணக்கு போட்டாங்க. அதாவது வத்தாத ஆறுதான் கம்மி.

கெண்டைக்குஞ்சு:
அப்போ முட்டை மேட்டர் முழுக்க பொய்யா? நான் வீடியோவே பாத்திருக்கேன், பாக்கெட்ல காஞ்ச மண்ணு, தண்ணி ஊத்துறாங்க, மீன் குஞ்சு வருது.

தொட்டிக்காரி:
அது பொய் இல்ல கெண்டைக்குஞ்சு, அந்த மீன் நான் வளக்குறேன். கில்லிஃபிஷ். ஆப்பிரிக்காவுல நோத்தோபிராங்கியஸ், தென் அமெரிக்காவுல ஆஸ்ட்ரோஃபண்டுலஸ் மாதிரி சில வகைங்க. மழைக்கு நிரம்பி கொஞ்ச மாசத்துல காஞ்சுபோற குட்டைதான் இதுங்களுக்கு உலகம். குட்டை காஞ்சா பெரிய மீன் ஒண்ணு விடாம செத்துடும், அடுத்த தலைமுறை முழுக்க மண்ணுக்குள்ள முட்டையா இருக்கும்.

அந்த முட்டைக்குள்ள நடக்குறதுதான் அதிசயம். வளர்ச்சி மூணு இடத்துல நிக்க முடியும். முதல்ல கருவே உருவாகுறதுக்கு முன்னாடி செல்லுங்க எல்லாம் சிதறி கிடக்குற கட்டத்துல ஒரு நிறுத்தம். அப்புறம் இதயம் துடிக்க ஆரம்பிச்ச பிறகு பாதி வளர்ச்சியில ஒண்ணு. கடைசியா முழு குஞ்சா சுருண்டு, பொரிய வேண்டியதுதான் பாக்கிங்கிற நிலையில ஒண்ணு. இந்த நிறுத்தத்தைதான் டயபாஸ்னு சொல்வாங்க. இதுல சாமர்த்தியம் என்னன்னா ஒரே தாய் போட்ட முட்டையில எல்லாமே ஒரே வேகத்துல போகாது. சிலது சட்டுனு முடிச்சு காத்திருக்கும், சிலது நடு நிறுத்தத்துலயே படுத்திருக்கும். ஏன்னா முதல் மழை ஏமாத்து மழையா இருந்து பத்து நாள்ல குட்டை காஞ்சா, பொரிஞ்சது அத்தனையும் போயிடும். அப்பவும் மண்ணுல மிச்சம் இருக்கும்.

பொரிஞ்ச பிறகு வேகம் இன்னும் பயங்கரம். மொசாம்பிக் குட்டைங்கள்ல டர்க்குவாய்ஸ் கில்லிஃபிஷ் பொரிஞ்சு 14 நாள்ல இனப்பெருக்கத்துக்கு தயாராகுறதை பதிவு பண்ணியிருக்காங்க, முதுகெலும்பு உள்ள பிராணிங்கள்ல இதைவிட வேகமா எதுவும் தெரியாது. வாழ்க்கையே சில மாசம்தாங்கிறதால முதுமை பத்தி ஆராய்ச்சி பண்ற லேப்ல எல்லாம் இப்ப இந்த மீன்தான்.

ஆனா ஒண்ணு. இது தேங்குற குட்டைக்கான வித்தை, அதுவும் களிமண் அடியில ஈரத்தை கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்குற குட்டைக்கு. ஓடுற ஓடையில மணலுக்குள்ள முட்டையை விட்டுட்டு போனா முதல் வெள்ளமே அரிச்சு அடிச்சுட்டு போயிடும். அதனால வெயிலோன் கேட்ட ஓடைக்கு இந்த பதில் ஒட்டாது.

மடுவாசி:
இதையேதான் சொல்ல வந்தேன், நீங்க அழகா சொல்லிட்டீங்க. கூட ஒண்ணு, கெண்டை குடும்பத்து மீன் முட்டையெல்லாம் வெதுவெதுப்பான தண்ணியில ஒண்ணு ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சு முடிஞ்சிடும். காத்திருக்கிற ஏற்பாடே அதுல கிடையாது. காஞ்சா செத்துச்சு. அப்புறம் பத்து நாள்ல விரல் நீளம்னு சொன்னாரு பாருங்க, அது பத்து நாளைக்கு முன்னாடி பொரிஞ்ச மீனா இருக்கவே முடியாது. ஏற்கனவே எங்கயோ வளர்ந்த மீன், நீந்தி வந்திருக்கு.

சேறுசகதி:
எல்லாரும் மடு மடுன்னு சொல்லி நம்ம ஆளுங்களை விட்டுட்டீங்களே. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை இதெல்லாம் என்ன லேசுப்பட்டதா. தண்ணி சுருங்க சுருங்க விரால் சேத்துக்குள்ள இறங்கிடும், தோலும் மூச்சு விடுற உறுப்பும் ஈரமா இருக்குற வரைக்கும் உடம்புல இருக்குற கொழுப்பை வச்சே ஓட்டிடும். மேல நடந்தா காலடியில மீன் இருக்குன்னே தெரியாது.

அமாவாசை:
மண்ணுக்குள்ள எப்படிண்ணே மூச்சு விடும்? செவுள் தண்ணியில தானே வேலை செய்யும். தண்ணியை விட காத்துல ஆக்ஸிஜன் அதிகம்னு படிச்சிருக்கேன், அப்புறம் ஏன் கரையில போட்ட மீன் சாகுது?

சேறுசகதி:
நல்ல கேள்வி அமாவாசை. காத்துல ஒரு லிட்டருக்கு 210 மில்லி ஆக்ஸிஜன், தண்ணியில நல்லா கலந்திருந்தா கூட ஒரு லிட்டருக்கு பத்து மில்லிக்கு உள்ளதான். அப்படி பாத்தா கரைக்கு வந்த மீன் கும்மாளம் போடணும். ஆனா செவுள் இழை எல்லாம் நனைஞ்ச பக்கங்கள் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், தண்ணிதான் அதை விரிச்சு வச்சிருக்கு. ஒட்டினதும் காத்து படுற பரப்பு போச்சு, மீன் திணறும்.

அதனால காத்தை குடிக்கிற மீனெல்லாம் தனியா ஒரு உறுப்பு வச்சிருக்கு. பனையேறிக்கு செவுளுக்கு மேல எலும்பு மடிப்பு மடிப்பா வளர்ந்து அது மேல ரத்தக்குழாய் நிறைஞ்ச தோல், எலும்பு தாங்குறதால ஒட்டாது. விராலுக்கு அதே இடத்துல ஒரு அறை. தேளிக்கு முதுகுப்பக்கம் உடம்புக்குள்ள நீளமா ரெண்டு காத்துப்பை. அயிரை வகையில பல மீன் காத்தை முழுங்கி குடல் வழியா எடுத்துக்கும். வளர்ந்த விரால் காத்தை நம்பியே இருக்கு, தண்ணிக்குள்ளயே அமுக்கி வச்சு மேல வர விடலன்னா செத்துடும். மீன் மூழ்கி சாகுறது!

பனையேறி ஈரத்தரையில செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்ந்து அடுத்த குட்டைக்கு போறது நிஜம். 1791ல தரங்கம்பாடியில இருந்த டால்டார்ஃப்ங்கிற டேனிஷ் அதிகாரி ஒருத்தர், பனைமரத்துல அது ஏறுனதை பாத்ததா எழுதி, லண்டன் லின்னேயன் சங்கத்து வெளியீட்டுல 1797ல அச்சாச்சு. மரம் ஏறுறது அதுக்கு வாடிக்கைன்னு அதை வச்சு சொல்ல முடியாது. தரையில நகர்றதே போதும், அதுதான் அதோட உயிர் பிழைக்கிற வழி.

தொட்டிக்காரி:
மண்ணுக்குள்ள போறதுன்னு வந்துட்டா ஆப்பிரிக்க லங்ஃபிஷை, அதாவது நுரையீரல் உள்ள மீனை, விட்டுட்டு பேச முடியாது. சேத்தை வாயால கடிச்சு செவுள் துவாரம் வழியா வெளிய தள்ளிகிட்டே இறங்கும், அடியில திரும்புறதுக்கு இடம் பண்ணிட்டு தலை மேல பாத்தபடி சுருண்டுக்கும். தண்ணி வத்தினதும் உடம்புல இருந்து சுரக்குற சளி காஞ்சு ஒரு உறையா ஆகிடும், வாய்கிட்ட மட்டும் ஒரு சின்ன துவாரம். இதயத்துடிப்பு குறையும், சாப்பாடு கிடையாது, தன் தசையையே கரைச்சு ஓட்டும். தசையை கரைச்சா அம்மோனியா வரும், அது விஷம், வெளிய தள்ள தண்ணி வேணும், தண்ணி இல்ல. அதனால அதை யூரியாவா மாத்தி உடம்புக்குள்ளயே சேத்து வச்சுக்கும், தண்ணி வந்ததும் மொத்தமா வெளியேத்தும். 19ஆம் நூற்றாண்டுல மண்ணாங்கட்டியோட வெட்டி எடுத்து ஐரோப்பாவுக்கு கப்பல்ல அனுப்பியிருக்காங்க, அங்க தண்ணியில போட்டா உயிரோட வந்துச்சு.

அந்த உறை வெறும் காஞ்ச சளின்னு தான் ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. 2021ல வந்த ஒரு ஆய்வுல அதுக்குள்ள உயிருள்ள செல்லுங்க, நோய் எதிர்ப்பு செல்லுங்க எல்லாம் இருந்து பாக்டீரியாவை பிடிச்சு வைக்குதுன்னு காட்டினாங்க. எனக்கு இதுல இருக்குறதுலயே பிடிச்ச விஷயம் இதுதான்.

ஆனா எல்லா லங்ஃபிஷும் இப்படி இல்ல. தென் அமெரிக்க வகை வளைக்குள்ள போகும், உறை கட்டாது. ஆஸ்திரேலிய வகைக்கு இந்த வேலையே தெரியாது, தண்ணி இல்லன்னா அவ்வளவுதான்.

மடுவாசி:
இதான் எனக்கு கொஞ்சம் கடுப்பு. எந்த பேச்சு எடுத்தாலும் லங்ஃபிஷ்ல போய் நிக்கும். அது சதுப்புலயும் வெள்ளக்காட்டுலயும் இருக்குற மீனுங்க, கல்லும் மணலுமா இருக்குற ஓடையில அது எங்க வளை தோண்டும்? சேறு வேணுமே. படிக்க சுவாரசியமா இருக்குங்கிறதுக்காக விதிவிலக்கை விதியா பேசிட்டு இருக்கோம்.

சேறுசகதி:
மணல்ல புதையிற மீனே இல்லங்கிறீங்களா? தென்மேற்கு ஆஸ்திரேலியாவுல சாலமாண்டர்ஃபிஷ்னு ஒரு பொடி மீன், நுரையீரலும் கிடையாது காத்துப்பையும் கிடையாது. நிலத்தடி நீர் இறங்க இறங்க கூடவே ஈரமணலுக்குள்ள இறங்கிப்போய் தோல் வழியா மூச்சு விட்டுகிட்டு கிடக்கும். மழை பெஞ்சு குட்டை நிரம்புன சில மணி நேரத்துல வெளிய வந்துடும். நியூசிலாந்துல மட்ஃபிஷ்னு ஒரு கூட்டம், அதுவும் இதே கதை, ஈரமான இலைக்குப்பை வேருக்கு அடியில கிடக்கும்.

மடுவாசி:
ரெண்டுமே குட்டை, சதுப்பு. நான் சொல்றது ஓடை. சரி, உங்களுக்காக ஓடையிலயே ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல அரிசோனா பாலைவன ஓடைங்கள்ல லாங்ஃபின் டேஸ்னு ஒரு பொடிமீன், ஓட்டம் நின்னு போன பகல்ல ஈரமான பாசிப்படலத்துக்கு அடியில ஒளிஞ்சுக்கும், ராத்திரி ஆவியாகுறதும் மரம் உறிஞ்சுறதும் குறைஞ்சு சில மில்லிமீட்டர் தண்ணி திரும்ப கசிஞ்சு வரும் பாருங்க, அதுல இறங்கி மேயும். இப்படி ஓடைக்குன்னே உள்ள வித்தையும் இருக்கு. ஆனா அதுவும் சில நாளைக்குதான் தாங்கும், மாசக்கணக்குல இல்ல. மாசக்கணக்குக்கு மடு வேணும்.

அமாவாசை:
வானத்துல இருந்து விழுறதை பத்தி யாரும் பேசலயே 😄

தொட்டிக்காரி:
விழுந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல லஜமானுன்னு ஒரு ஊர், 2010லயும் 2023லயும் மழையோட மீன் விழுந்துச்சுன்னு செய்தி வந்துச்சு, ஸ்பேங்கில்டு பெர்ச்னு ஒரு வகை. ஆனா அந்த மீனுக்கு இன்னொரு பேர்போன பழக்கம், மழை பெஞ்சா வண்டித்தடத்துல தேங்குன தண்ணியில கூட நீந்தி ரொம்ப தூரம் போயிடும். அதனால தரையில கிடக்குற மீனை பாத்து மேல இருந்து வந்துச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி யோசிக்கணும். எப்படி இருந்தாலும் வருஷா வருஷம் ஓடையை நிரப்ப அதை நம்ப முடியாது.

பறவை கொண்டு வருதுங்கிறது இதைவிட மதிக்கவேண்டிய பதில். மீன் முட்டை பறவையோட கால்ல இறகுல ஒட்டிட்டு வரும்னு காலகாலமா சொல்றாங்க, 2018ல எல்லா ஆய்வையும் அலசிப்பாத்தவங்களுக்கு அதுக்கு சாட்சியே கிடைக்கல. அதுக்கு அப்புறம் பிரேசில்ல அன்னத்துக்கு தீனியோட 650 கில்லிஃபிஷ் முட்டை கலந்து கொடுத்து எச்சத்தை தேடினா அஞ்சு முழுசா கிடைச்சுச்சு, அதுல ஒண்ணு பொரிஞ்சது. 2020ல வாத்துக்கு கெண்டை முட்டை கொடுத்து பாத்ததுல 0.2 சதவீதம் உயிரோட வெளிய வந்துச்சு. ரொம்ப கம்மிதான், ஆனா பறவை கூட்டம் கூட்டமா முட்டை தின்னுதுன்னா எப்பவாச்சும் ஒண்ணு தப்பும். தனியா கிடக்குற குட்டைக்கு மீன் போய் சேந்த கதைக்கு அது பதிலா இருக்கலாம், ஒரு வாரத்துல வந்த கூட்டத்துக்கு இல்ல.

வெயிலோன்:
எல்லாருக்கும் நன்றி, ஆனா மடுவாசி சார், இன்னொரு சந்தேகம். மடுவும் சுருங்கி முழங்கால் அளவு தண்ணி, பச்சையா பாசி, அதுல நூத்துக்கணக்குல மீன். அதுல எப்படி ரெண்டு மூணு மாசம் தாக்குப்பிடிக்கும்? வெயில்ல வெந்துடாதா?

மடுவாசி:
பாதி பிழைக்கும், பாதி போகும், அது வருஷத்தை பொறுத்து. அதிக ஆபத்து நடுப்பகல்ல இல்ல, விடியக்காலையில. பகல்ல பாசி ஆக்ஸிஜன் விடும், ராத்திரி பூரா அதே பாசியும் மீனும் அழுகுற இலையும் சேந்து அதை தின்னு தீர்க்கும், சூரியன் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் மட்டம் அடியில இருக்கும். அந்த நேரம் மீன் எல்லாம் மேல வந்து வாயை திறந்து திறந்து மூடும். காத்தை குடிக்குதுன்னு தோணும், இல்ல, தண்ணியோட மேல்தோல் இருக்கே, காத்தை தொட்டுகிட்டு இருக்குற மெல்லிசான அடுக்கு, அதுல மட்டும் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும், அதை உறிஞ்சுது. மேல்நோக்கின வாய் உள்ள பொடிமீனுக்கு இது சுலபம். சூடும் இதுல சேந்துக்கும், 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்ஸிஜன் பிடிக்கும், 35 டிகிரியில 7க்கு கிட்ட இறங்கிடும், ஆனா சூட்டுல மீனுக்கு தேவை ஏறும். வரவு குறைஞ்சு செலவு கூடுது.

அதனாலதான் எந்த மடுங்கிறது முக்கியம். மரநிழல் விழுற, அடியில ஊத்து கசியுற மடு தாங்கும். வெட்டவெளியில பெருசா பரந்து கிடக்குற மடுவை விட நிழல்ல இருக்குற சின்ன மடு மேல். கொக்கும் நாரையும் வந்து பொறுக்குறது தனி, சாப்பாடு தீர்ந்து மீன் இளைக்கிறது தனி, நெருக்கத்துல ஒட்டுண்ணி பரவுறது தனி.

இன்னொரு பக்கமும் இருக்கு, அமெரிக்காவுல ஒரேகான் பக்கம் கோடையில ஓட்டம் நிக்கிற சின்ன ஓடைங்கள்ல கோஹோ சால்மன் குஞ்சுங்க மடுவுல ஒதுங்கி பிழைக்கிறதை பாத்திருக்காங்க, வத்துற ஓடைன்னு அதை ஒதுக்க முடியாதுன்னு ஆகிடுச்சு.

அமாவாசை:
அப்போ மழை வந்தா தப்பிச்சுச்சுன்னு அர்த்தம்.

மடுவாசி:
அதுவும் இல்ல. மாசக்கணக்குல காஞ்ச ஓடையில இலை குவிஞ்சு கிடக்கும், முதல் தண்ணி அதையெல்லாம் ஊற வச்சு கஷாயமா அடிச்சுட்டு வரும், அதை தின்ன பாக்டீரியா பெருகி ஆக்ஸிஜனை காலி பண்ணும். ஆஸ்திரேலியாவுல மர்ரே டார்லிங் ஆத்துல 2010, 11ல நீண்ட வறட்சிக்கு அப்புறம் வந்த வெள்ளத்துல இப்படி கருந்தண்ணியா ஓடி மீன் செத்துச்சு. அதே டார்லிங்ல மெனிண்டி பக்கம் 2018 கடைசி 2019 ஆரம்பத்துல ஓட்டம் நின்ன ஆத்துல மேல சூடான பாசித்தண்ணி, அடியில ஆக்ஸிஜனே இல்லாத தண்ணின்னு ரெண்டு அடுக்கா நின்னுச்சு, திடீர்னு குளிர்ந்த காத்து அடிச்சு ரெண்டும் கலந்ததும் மீன் கூட்டமா செத்துச்சு. வெயில் குறைஞ்ச நாள்ல செத்துச்சு! பாக்குறவங்களுக்கு புரியவே புரியாது.

கரையோரம்:
புதுசா சேர்றேன். வத்துற ஓடையில அங்கங்க தடுப்பணை கட்டினா மடு அதிகமாகும்ல, மீனுக்கு நல்லதுதானே? இதை ஏன் யாரும் சொல்லல?

மடுவாசி:
தண்ணி நிக்கும், ஒத்துக்குறேன். ஆனா வெள்ளம் வந்ததும் மீன் எதிர்த்து ஏறணும், அதுவும் சீக்கிரம் ஏறணும். ஓட்டம் வந்த முதல் நாள்கள்லதான் பல மீன் முட்டையிட மேல போகும், புதுசா நனைஞ்ச ஓரத்துல குஞ்சுக்கு தீனி நிறைய, பிடிக்கிறவன் கம்மி. குறுக்க ஒரு ஆள் உயர சுவர் இருந்தா அதுக்கு மேல இருக்குற ஓடை, மேல மடு ஏதும் மிஞ்சலன்னா, காலி. ஒரு வருஷம் போனா பரவாயில்ல, ஆயுசு கம்மியா உள்ள மீன் ரெண்டு வருஷம் தவறவிட்டா அந்த துண்டுல இனமே போச்சு. ரோட்டுக்கு அடியில போடுற குழாய் கூட, வாய் தரையை விட்டு ஒரு முழம் மேல தொங்கிட்டு இருந்தா பொடிமீனுக்கு அது மலைதான்.

கரையோரம்:
ஏணி மாதிரி படி வச்சு கட்டலாமே.

மடுவாசி:
கட்டலாம், ஆனா குதிக்கிற மீனுக்கு கட்டுற படி அடியில ஊர்ற அயிரைக்கு உதவாது. கல்லு பரப்பி சரிவா விட்டா ரெண்டுக்கும் ஆகும். என்னை கேட்டா புது அணைக்கு முன்னாடி இருக்குற மடுவை பம்பு வச்சு உறிஞ்சாம விட்டாலே பெரிய விஷயம். மணல் அள்ளுறதும் அப்படித்தான், மணல்தான் அடியில தண்ணியை பிடிச்சு வச்சிருக்கு, அது போனா நிலத்தடி மட்டம் இறங்கி மடு ஒரு மாசம் முன்னாடியே வத்திடும். மீனுக்கு அந்த ஒரு மாசம்தான் உயிர்.

கரையோரம்:
நீங்க மீனை மட்டும் பாக்குறீங்க, கரையில இருக்குறவங்களுக்கும் தண்ணி வேணும் சார். நான் ஒத்துக்கல.

சேறுசகதி:
சண்டையை தனி இழையில வச்சுக்கலாம் 🙏 வெயிலோன் கேள்விக்கு வருவோம்.

வெயிலோன்:
கடைசியா ஒண்ணு. வத்திட்டு இருக்குற மடுவுல மாட்டுன மீனை அள்ளி பெரிய ஆத்துல விட்டா காப்பாத்துன மாதிரியா?

தொட்டிக்காரி:
அவசரப்பட்டு வேணாம். நெருக்கத்துல இருந்த மீன் மேல ஒட்டுண்ணி, நோய் இருக்கலாம், அதோட வேற ஆத்துக்கு போகும். கூடவே வெளிநாட்டு மீன் ஏதாச்சும் கலந்திருந்தா அதையும் நீங்களே கொண்டுபோய் விட்ட மாதிரி. சூடான தண்ணியில பழகினதை சட்டுனு குளிர்ந்த தண்ணியில போட்டாலும் அதிர்ச்சியில போயிடும். பல இடத்துல அனுமதி இல்லாம மீனை இடம் மாத்துறது சட்டப்படி தப்பும் கூட.

மடுவாசி:
செஞ்சே ஆகணும்னா அதே ஓடையில பக்கத்துல இருக்குற, வத்தாத மடுவுக்கு. விடியக்காலை வேண்டாம், மீன் ஏற்கனவே மூச்சுத்திணறலா இருக்கும், சாயங்காலம் பாருங்க. வாளியில கொஞ்சமா போட்டு, புது மடுத்தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா கலந்து விடணும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, வர்ற கோடை கடைசியில ஓடையை மேலயும் கீழயும் நடந்து எந்தெந்த மடு நிக்குதுன்னு போன்ல இடம் குறிச்சு வையுங்க. வெள்ளம் வந்தப்புறம் மீன் முதல்ல எந்தப்பக்கம் தெரியுதுன்னு பாத்தா உங்க கேள்விக்கு உங்க ஓடையே பதில் சொல்லிடும், கீழ ஆத்துல இருந்து ஏறுதா, மேல மடுவுல இருந்து இறங்குதான்னு.

வெயிலோன்:
பண்றேன் சார். பாதைக்கு குறுக்க ரோட்டு குழாய் ஒண்ணு இருக்கு, இப்பதான் ஞாபகம் வருது, அதோட வாய் தொங்கிட்டுதான் இருக்கும்னு நினைக்கிறேன். அதையும் போட்டோ எடுத்து போடுறேன்.

கெண்டைக்குஞ்சு:
தொட்டிக்காரி மேடம், அந்த கில்லிஃபிஷ் முட்டையை மண்ணோட எத்தனை மாசம் வைக்கலாம்?

தொட்டிக்காரி:
வகைக்கு வகை மாறும், சூடு எவ்வளவுங்கிறதும் சேரும். ரொம்ப காய விடாத, கையால பிடிச்சா லேசா ஈரம் தெரியணும். தனி இழை போடு, அங்க விவரமா சொல்றேன்.